எலும்பும் தோலுமா இருந்தா பாட்டி குற்றமா?

"மாத்திரையைத்தான் கவர்மெண்டே சும்மா கொடுக்குதே, அப்புறம் ஏன் இந்தப் பிள்ளைங்க எலும்பும் தோலுமா இருக்கு? வீட்டுல சரியாக் கவனிக்கறதில்ல."

எச்ஐவி உள்ள பிள்ளைகளைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை ஒருவர் மேடையில் இப்படிப் பேசினார். கைதட்டல்கூடக் கேட்டது. அந்தப் பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகள் கைதட்டாமல் தலையைக் குனிந்துகொண்டதைக் கவனித்தீர்களா?

ஐயா, சோறு போடுகிறார்கள். அது உடம்பில் ஒட்டுவதில்லை.

எச்ஐவி ஆரம்பத்திலேயே கைவைக்கும் இடம் குடல். அங்கே குவிந்திருக்கும், நோயை எதிர்க்கும் சிடி4 வெள்ளை அணுக்களை அழித்து, குடல் சுவரையும் கெடுத்துவிடும். எதிர்ப்புச் சக்தி சரிந்த பிள்ளைக்குக் கிரிப்டோஸ்போரிடியம் மாதிரி ஒரு கிருமி தொற்றினால் வாரக்கணக்கில் பேதி. தின்றது தங்காது, பசியும் எடுக்காது. ஆனால் தேவை மட்டும் ஏறும். அறிகுறியே இல்லாத பிள்ளைக்கும் 10 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும், எடை இறங்கிக்கொண்டே போனால் 50 முதல் 100 சதவீதம்வரை கூடுதலாக வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி. பேரனுக்கு வாயிலிருந்து தொண்டைவரை வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சைப் புண். ரசம் சாதத்தைக் குழைத்து ஊட்டினால் விழுங்க முடியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அழுவான். பாட்டி மிளகை விட்டார், புளியை விட்டார், கடைசியில் ஆறின கஞ்சி மட்டும்தான். அது போதாதென்று லோபினாவிர் என்ற எச்ஐவி மருந்து, சிரப்பாக. வேப்பங்கொழுந்து தோற்கும் கசப்பு, அதில் 42 சதவீதம் ஆல்கஹால் வேறு. நாக்கில் சர்க்கரை தடவி ஊற்றுவார். அவன் கக்குவான். முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றுவார்.

இவரா கவனிக்கவில்லை?

"இப்போ மருந்தெல்லாம் மாறிடுச்சே" என்பீர்கள். சரி, மாறிவிட்டது. தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் புது மாத்திரை டோலுடெகிராவிர் பெரிய நிம்மதி. சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து தொடங்கிய பிள்ளைகள் நன்றாகவே தேறுகிறார்கள். தாமதமாகத் தெரியவந்த பிள்ளை? மாத்திரை போட்ட மறுநாளே கன்னம் உப்பிவிடுமா?

"சில வீட்டுல கவனிப்பு இல்லைதானே?" இருக்கலாம். எந்த ஊரில் இல்லை? அதற்காக மைக்கைப் பிடித்து எல்லோரையும் திட்டுவீர்களா?

"நல்ல மனசோட சொன்னார்." நல்ல மனசுக்காரர்களிடம்தான் இந்தப் பாட்டிகள் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

அந்தப் பாட்டியின் பேரன் பள்ளிக்கூடத்தில் சத்துணவு முட்டையைத் தொட மாட்டான். தின்றால் வகுப்பு நடுவில் கக்கூஸுக்கு ஓட வேண்டும், ஓடினால் "உனக்கு என்னடா வியாதி?" என்று கேட்பார்கள். பள்ளியில் பாகுபாடு கூடாது என்று 2017ல் சட்டமே வந்துவிட்டது. அந்தக் கேள்வியைச் சட்டமா வந்து நிறுத்தும்? பட்டினி கிடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து "சாப்ட்டேன் ஆயா" என்பான். தெரிந்தும் தெரியாத மாதிரி ஒரு தட்டு கஞ்சியை எடுத்து வைப்பார். பெற்ற மகளை அதே நோய்க்குக் கொடுத்தவர் அவர். அவருக்குக் கவனிப்பைப் பற்றி வகுப்பெடுக்க ஒரு மேடை, ஒரு சால்வை!

நேற்று ஒரு நண்பர் அக்கறையாக இன்பாக்ஸில் டயட் சார்ட் அனுப்பியிருக்கிறார். பாதாம், அவகாடோ, சீஸ். முதியோர் பென்ஷனில் வாங்கட்டும் என்கிறாரா? பேதி ஆகிற வயிற்றுக்குச் சீஸாம். பிளாக் பண்ணிவிட்டேன்.