12 மைல் தாண்டினால் படகில் ஏறிச் சோதிக்க முடியாதா?

குமரி மாவட்ட மீனவ ஊர்களான தூத்தூர், வள்ளவிளை பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "12 கடல் மைல் தாண்டிட்டா நேவியோ கோஸ்ட் கார்டோ நம்ம போட்டுல ஏறக்கூடாது. கொக்கி ஏணி போட்டு ஏறினா அது கடற்கொள்ளை."

தவறு. 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கி.மீ., பிராந்தியக் கடலின் (கரையோர நாட்டுக்குச் சொந்தமான கடற்பகுதியின்) எல்லை, அவ்வளவுதான். இந்தியாவில் பதிவான படகு 200 மைலுக்கு அப்பால் போனாலும் இந்தியச் சட்டம் கூடவே போகும். பாதி உண்மை ஒன்று உண்டு: எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலில் வேற்று நாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் சும்மா ஏற முடியாது. கடற்கொள்ளை, அடிமை வணிகம் போன்ற சந்தேகம் வேண்டும் என்கிறது 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 110வது பிரிவு.

கொக்கி ஏணி? உயரமான கப்பலின் விளிம்பில் நீளக் கழியால் மாட்டும் வழக்கமான கருவி. நம் விசைப்படகுக்கு அதுகூட வேண்டாம். ரப்பர் படகை ஓரம் கட்டித் தாவி ஏறிவிடுவார்கள். ஆட்களை ஒரே இடத்தில் உட்கார வைத்து ஒருவர் காவல் நிற்பார்; மற்றவர்கள் ஐஸ் அறை, எஞ்சின் அறை, வலைக்குவியலுக்கு அடி என்று துழாவுவார்கள். எரிச்சல்தான். ஆனால் 2008இல் மும்பையைத் தாக்கியவர்கள் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் வந்தார்கள்.

பதிவுச் சான்றும் மீனவர் அடையாள அட்டைகளும் வீல்ஹவுஸிலேயே (படகை ஓட்டும் அறையிலேயே) இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.