திரை வேண்டாம், காற்று கொடுங்கள்

“சொந்தமா ஆகாயக் கப்பலே வச்சிருக்க, அப்புறம் என்னடா குறை உனக்கு?” என்று அம்மா கேட்டார். தோட்டத்தில் வளர்ந்தவர், அவருக்கு அது இன்னமும் ஆகாயக் கப்பல்தான். இருப்பதும் கால் பங்கு. நாலு பேர் சேர்ந்து வாங்கிய பழைய இரண்டு இருக்கை இலகு ரக விமானம். விலையைக் கேட்காதீர்கள். கேட்டால், “அதுக்கு ஒரு அல்ஃபார்ட் காரே எடுத்திருக்கலாமே” என்பீர்கள்.

குறை இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

முதலில் வெயில். இந்த வகை விமானங்களில் பல செக், இத்தாலி, ஜெர்மனிப் பக்கத்துப் பட்டறைகளில் பிறந்தவை. அந்த ஊர்க் குளிரில் தலைக்கு மேல் முழுக்கக் கண்ணாடி என்றால் சுகம்தான். பினாங்கில் காலை பதினொரு மணிக்கு அதே கண்ணாடிக்குள் உட்கார்ந்து பாருங்கள், இட்லிப் பானை. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இருப்பது ஒரே ஓடுபாதை. முன்னால் இரண்டு ஜெட் நின்றால் நாம் ஓரமாக ஒதுங்கிக் காத்திருக்க வேண்டியதுதான். காற்று வர இரண்டு பக்கமும் பாட்டில் மூடி அளவில் ஒரு துளை உண்டு. விமானம் ஓடினால்தான் அதில் காற்று வரும், நின்றால் ஒன்றுமில்லை. அதனால் ஒரு கையால் கண்ணாடி மூடியை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கட்டுப்பாட்டு டவர் சொல்வதை எழுத வேண்டும். போன மாதம் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை சரியாக டிரான்ஸ்பாண்டர் எண்ணின் (ரேடாரில் நம்மை அடையாளம் காட்டும் எண்) மேல் விழுந்தது. எழுதியது 1-ஆ 7-ஆ என்று தெரியவில்லை. வெட்கத்தை விட்டு மறுபடியும் கேட்டேன்.

எஞ்சினுக்கும் இதே பாடுதான். எங்களுடையது ரோட்டாக்ஸ் 912, 100 குதிரைத் திறன். எண்ணெய் 50 டிகிரி சூடாகாமல் கிளம்பக்கூடாது என்பது அதன் விதி. ஐரோப்பாக்காரர் பனியில் நின்று அந்த 50-க்குக் காத்திருப்பார். நமக்கு அது நிறுத்துமிடத்திலேயே வந்துவிடும், பயமெல்லாம் மறுபக்கம். ஜெட்டுக்குப் பின்னால் நிற்க நிற்க முள் 110-ஐத் தாண்டி ஏறும், நம் பார்வை வேறெங்கும் போகாது. போதாததற்குச் சூடான காற்று அடர்த்தி குறைந்தது. கடலோர ஓடுபாதைதான், ஆனால் 33 டிகிரியில் விமானத்தைப் பொறுத்தவரை அது 2,000 அடி உயரத்தில் இருக்கிற மாதிரி. எழும்ப அவ்வளவு கூடுதலாக ஓட வேண்டும். எனவே என் முதல் கோரிக்கை பெரிய ரேடியேட்டர், அதோடு நின்றாலும் காற்று தரும் ஒரு சின்ன விசிறி.

அடுத்தது எடை. அமெரிக்க விமானத் துறை 2004-இல் இந்த வகையை உருவாக்கியபோது போட்ட கணக்கு: விமானமும் ஆளும் எரிபொருளும் எல்லாம் சேர்த்து 600 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. பாராசூட்டோடு சேர்த்து எங்கள் விமானத்தின் வெற்று எடை 385. நான் 78. மச்சான் 96 (வீட்டில் எடை பார்த்தபோது; நாசி கண்டார் சாப்பிட்டு வந்தால் என் பொறுப்பல்ல). தண்ணீர், பை என்று ஒரு 5 கிலோ. மீதி 36. பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ, ஆக 50 லிட்டர்கூடத் தேறாது. டாங்கியோ 110 லிட்டர். நிரப்ப முடியாத டாங்கியை எதற்கு வைத்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வேன்.

செஸ்னா மாதிரிப் பெரிய நிறுவனமே இதில் வழுக்கியது. ஸ்கைகேட்சர் என்று ஒன்று விட்டார்கள். பழகிய கான்டினென்டல் எஞ்சினையே பூட்டினார்கள், ரோட்டாக்ஸை விட அது கனம். அந்தக் கனம் ஏற்றும் சுமையில் கழிந்தது. 2013-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். இன்றைய தயாரிப்பாளர்களைப் பாருங்கள், புது மாடலில் என்ன தருகிறார்கள்? இரண்டு பெரிய திரை, தோல் இருக்கை, போனுக்குச் சார்ஜர். திரைக்கு நான் விரோதி இல்லை, மேகம் மூடும்போது கொம்தார் கோபுரம் எந்தப் பக்கம் என்று காட்டினால் நன்றி சொல்வேன். ஆனால் மூன்றாவது திரைக்குப் பதில் ஐந்து கிலோவைக் குறைத்துக் கொடுங்கள், காசு கூடக் கொடுக்கிறேன்.

2025 ஜூலையில் அமெரிக்கா இந்த 600 கிலோ வரம்பையே எடுத்துவிட முடிவு செய்தது. நண்பர்கள் வாழ்த்து அனுப்பினார்கள். எதற்கு வாழ்த்து? அது இனி வரும் விமானங்களுக்கு. எங்கள் விமானத்தின் தகட்டில் அடித்த எண் தானாக மாறாது.

சரி, நாமே ஒரு துளையைப் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்பீர்கள். முடியாது. தொழிற்சாலையில் கட்டி வரும் இந்த வகையில் தயாரிப்பாளர் எழுத்தில் சம்மதிக்காமல் கை வைக்கக்கூடாது. பாதுகாப்புக்கு அது நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடிதம் போட்டு நாலு மாதம் கழித்து, “உங்கள் மாடலுக்கு அப்படி ஒரு தேவை எழவில்லை” என்று பதில் வந்தால் என்ன செய்வது? ஒரு நாள் வந்து உட்காரச் சொல்லலாம்.

சின்னக் கோரிக்கை ஒன்று. எண்ணெய் பார்க்க எஞ்சின் மூடியில் குட்டிக் கதவு வைத்தவர்கள், கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பார்க்க வைக்கவில்லை. கூலண்ட் பார்க்க எஞ்சினின் மேல்மூடியில் உள்ள 14 திருகையும் கழற்ற வேண்டும். எண்ணெய் பார்ப்பதாவது ஒரு சுகம். சாவியை அணைத்துவிட்டு புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால், எண்ணெய் டாங்கியிலிருந்து களக் களக்கென்று ஏப்பம் வரும். அதன் பிறகு அளவுக் குச்சியை விட்டால்தான் சரியான அளவு தெரியும். எங்கள் ஃபோர்மேன் அண்ணன் அந்தச் சத்தம் வந்ததும், “சாப்பிட்டாச்சு” என்பார். அதே அண்ணன் 14 திருகைக் கழற்றும்போது சொல்வதை இங்கே எழுத முடியாது.

போன வாரம் பிறையில் ஒரு கடையில் 25 வெள்ளிக்கு பேட்டரி விசிறி வாங்கினேன். 300 கிராம், எடைக் கணக்கில் சேர்த்தாயிற்று. எதிலும் பொருத்தக்கூடாது என்பதால் பக்கத்தில் உட்காருபவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மச்சான் பிடித்துக்கொண்டார். போகும்போதும் வரும்போதும் அவர் முகத்துக்கு நேராகவே.