பழைய பிளே ஸ்டேஷனை எக்ஸ்சேஞ்சில குடுத்துப்போட்டுப் பிறகு தேடித் திரியிறவங்களுக்கு

கல்முனையில இருந்து காத்தான்குடி வரைக்கும் கேம் கடைக் கண்ணாடியில ‘பழசைத் தாங்க, புதுசைக் கொண்டு போங்க’ எண்டு ஒரு கடதாசி. அதை நம்பி பிஎஸ் 2 (பிளே ஸ்டேஷன் 2), கொன்ட்ரோலர் ரெண்டு, மெமரி கார்ட், ஒரு பை நிறைய டிவிடி எல்லாத்தையும் அள்ளிக் குடுக்கிறது. மறுகா ‘மச்சான், ஆரிட்டயாவது பிஎஸ் 2 ஒண்டு கிடக்கா?’ எண்டு ஊரெல்லாம் விசாரிக்கிறது. இது ஒரு வருத்தமாவே பரவிப்போச்சு.

கடைக்காரர் என்னத்தப் பார்த்து விலை போடுறார்? வெளிக்கோதில கீறல் இருக்கா, வயர் இருக்கா, டிஸ்க் சுத்துதா. அவ்வளவுதான். மெஷினைத் திருப்பி அடியில ஒட்டியிருக்கிற மொடல் இலக்கத்தை அவரும் பார்க்கிறல்ல, குடுக்கிறவரும் பார்க்கிறல்ல. முழு விஷயமும் அங்கதானே கிடக்கு! எஸ்சிபிஎச்-30004, 39004, 50004 எண்டிருந்தா அது தடிச்ச மொடல். பின்பக்கம் ஒரு குழி இருக்கும். அதில நெட்வேர்க் அடப்டரைப் பூட்டி, பழைய கொம்பியூட்டரில வாற ஐடிஇ ஹார்ட் டிஸ்க் ஒண்டைச் செருகினா கேம் எல்லாத்தையும் அதிலயே ஏத்தலாம். லென்ஸ் தேஞ்சு ‘டிஸ்க் ரீட் எரர்’ காட்டுற மெஷினும் அப்பிடி இன்னும் பல வருஷம் ஓடும்.

இதைப்போய் ‘பாரம், சத்தம், இடத்தைப் பிடிக்குது’ எண்டு குடுத்துப்போட்டு மெலிஞ்ச 77004 ஐயோ 90004 ஐயோ தூக்கிக்கொண்டு வாறாங்க. அதில அந்தக் குழியே இல்ல. யூஎஸ்பி இருக்கே எண்டு சொல்லாதீங்க. பிஎஸ் 2 க்கு இருக்கிறது யூஎஸ்பி 1.1, வேகம் காணாது, வீடியோ வாற இடமெல்லாம் விக்கி விக்கித்தான் போகும். லான் வயரால ஓட்டலாம், அதுக்குப் பக்கத்தில ஒரு கொம்பியூட்டர் எந்நேரமும் ஓடிக்கொண்டு இருக்கோணும். 90004 இல பிந்தி வந்த, பயோஸ் (மெஷினுக்குள்ள இருக்கிற அடிப்படை மென்பொருள்) 2.30 உள்ளது மாட்டினா, மெமரி கார்டால பூட் பண்ணி வெளி மென்பொருளை ஓட்ட விடுற ஃப்ரீ மெக்பூட்டும் வேலை செய்யாது.

இன்னொண்டு. நம்ம பக்கத்தில ஓடினது பெரும்பாலும் கொப்பி டிஸ்க், அது ஓடுறதுக்கு உள்ளுக்குள்ள சிப் அடிச்ச மெஷின். அதை மறைச்சுப் பேச ஒண்டுமில்ல. ஆனா சிப் அடிச்ச மெஷினை அனுப்பிப்போட்டு சிப் இல்லாத ஒண்டை வாங்கி வந்து, வீட்டில மிச்சம் கிடந்த டிஸ்க்கைப் போட்டுப் பார்த்து ‘மெஷின் பழுது’ எண்டு கடைக்காரரோட சண்டை பிடிக்கிறதில என்ன நியாயம்? பழுது மெஷினில இல்ல.

மெமரி கார்ட் கதை இதை விட அநியாயம். 8 எம்பி கார்ட், கடைக்குச் சில்லறைச் சாமான். ஃபோர்மட் அடிச்சு அடுத்தவருக்குக் குடுத்திருவாங்க, ஒரு சின்னப் பொடியனின்ட பள்ளிக்கூடக் காலம் முழுக்க அதோட போயிரும். குடுக்க முன்னம் யூலாஞ்ச்எல்ஃப் எண்ட ஃபைல் கொப்பி பண்ணுற மென்பொருளை பிஎஸ் 2 இல ஓட்டி, கேம் சேவ் எல்லாத்தையும் பென் டிரைவுக்குக் கொப்பி பண்ணினாப் போதும். பென் டிரைவ் ஃபேட் 32 ஃபோர்மட்டில இருக்கோணும், என்டிஎஃப்எஸ் எண்டாக் காட்டாது. பிஎஸ் 3, பிஎஸ் 4 காரங்க ‘ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வைச்சிட்டன்’ எண்டு கெட்டித்தனம் பேசுவாங்க. அந்த டிஸ்க் அந்த மெஷினுக்குரிய சாவியால பூட்டினது. வேற மெஷினில போட்டா ஃபோர்மட் பண்ணட்டா எண்டுதான் கேட்கும்.

சரி, பிஎஸ் 4 ஐக் குடுத்து பிஎஸ் 5 எடுக்கிறாங்களே, அங்கயும் இதே கூத்துத்தான். கொஞ்சம் காசு குறையுது எண்டு டிஸ்க் போட இடமில்லாத டிஜிட்டல் எடிஷனை எடுக்கிறது. அதுக்குப் பிறகு அலுமாரியில இருக்கிற பிஎஸ் 4 டிஸ்க் எல்லாம் தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில வைக்கத்தான் உதவும். 2020 இல வந்த டிஜிட்டல் எடிஷனுக்கு டிஸ்க் டிரைவ் பூட்டவே ஏலாது. 2023 இல வந்த சின்ன மொடலுக்குப் பூட்டலாம், டிரைவைத் தனியாக் காசு குடுத்து வாங்கோணும், முதல்தரம் இன்டர்நெட் இல்லாம அது இணையாது. பிஎஸ் 2, பிஎஸ் 3 டிஸ்க்குகளை எந்த பிஎஸ் 5 உம் வாசிக்காது.

‘தேவையெண்டா ஓன்லைனில வாங்கலாம்தானே’ எண்டு சொல்ற ஆக்களுக்கு: நின்டெண்டோ வீ யூ, 3டிஎஸ் மெஷின்களின்ட ஓன்லைன் கடைகள் 2023 மார்ச்சோட மூடியாச்சு. எக்ஸ்பொக்ஸ் 360 கடை 2024 ஜூலையில போச்சு. ஜிடிஏ சான் அன்ட்ரியாஸ் கேமில உரிமை முடிஞ்ச பாட்டுகளைப் பின்னால வந்த பதிப்புகளில தூக்கிப்போட்டாங்க. பழைய டிஸ்க்கில அது அப்பிடியே கிடக்கு.

திரும்பி வாங்கப் போனா? 2022 மார்ச் தொடக்கத்தில 200 ரூபாய்க்குக் கிட்ட நிண்ட டொலர் மே மாசம் 360 ஐத் தொட்டுது. முந்தி வித்த காசு எந்த மூலைக்கு? அதோட சந்தையில திரியிற சில மெஷின் ஜப்பான் சாமான். மொடல் இலக்கம் 0 இல முடியிற தடிச்ச ஜப்பான் பிஎஸ் 2, 100 வோல்ட்டுக்குச் செஞ்சது. நம்ம 230 வோல்ட் பிளக்கில நேரே குத்தினா உள்ளுக்குள்ள பவர் போர்ட் போகும். வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் இல்லாமத் தொடக்கூடாது. கட்டாரில இருந்து வந்த மெஷினுக்குப் பெரும்பாலும் இந்தக் கரண்ட் பிரச்சினை இல்ல.

‘வைச்சிருந்தா பூஞ்சணம் பிடிக்குதே’ எண்டுதான் கனபேர் குடுக்கிறாங்க. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், மாரி வந்தாச் சுவரே வேர்க்கும். பிடிக்கத்தான் செய்யும். அதுக்காகச் சொப்பின் பையில சுத்திக் கட்டி வைக்கிறது என்ன வேலை? உள்ள இருக்கிற ஈரமும் சேர்ந்து பூட்டுப்படும். இறுக்கி மூடுற பிளாஸ்டிக் பெட்டியில சிலிக்கா ஜெல் பக்கற்றோட வைங்க, ஜெல் ஈரமானா மாத்துங்க. டிஸ்க்கைக் கவரில நிமிர்த்தி வைங்க. துடைக்கிறதெண்டா நடுவில இருந்து வெளிப்பக்கம், வட்டமாத் துடைக்காதீங்க. மாசத்துக்கு ஒருக்கா அரை மணித்தியாலம் ஓட விடுங்க.

இல்ல, குடுத்தே தீருவன் எண்டா மெஷினை மட்டும் குடுங்க. கார்டும் டிஸ்க்கும் வீட்டில கிடக்கட்டும். கடைக்காரர் ‘அப்ப விலை குறையும்’ எண்டு சொன்னா எவ்வளவு எண்டு நேரே கேளுங்க. பெரிசாக் குறைக்கமாட்டார், ஏனெண்டா அதுகளுக்கு அவர் முதல்லயே விலை போடல்ல.