வகையீட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம்

பொறியியல் கல்லூரியின் முதலாண்டுக் கணித வகுப்பில் காது புளிக்கக் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு: "இதெல்லாம் பிளஸ் ஒன்னிலேயே படித்திருப்பீர்கள்." சார்பு, அதன் மதிப்பகம், நேர்மாறு, மடக்கை (லாகரிதம்), முக்கோணவியல் முற்றொருமைகள் என அத்தனையையும் இந்த ஒரே வாக்கியத்தால் தாண்டிவிட்டு, அதே பாடவேளையிலேயே கரும்பலகையில் நுண்கணிதத்தின் வகையீட்டைத் தொடங்கிவிடுகிறார்கள்.

எங்கே படித்தோம்? பிளஸ் டூ மதிப்பெண்ணையே குறிவைத்த பல தனியார் பள்ளிகள், பிளஸ் ஒன் புத்தகத்தைப் பெயருக்குப் புரட்டிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தது ஊரறிந்த கதை. அந்த வழக்கத்தை ஒழிக்கவே தமிழ்நாட்டில் 2018 மார்ச்சில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 கல்வியாண்டில் அதுவும் நீக்கப்பட்டுவிட்டது. தேர்வுச் சுமை குறைவது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய குறுக்குவழி திரும்பினால் அதற்கான விலையைக் கொடுக்கப்போவது யார்?

அரியர் விழுந்த விடைத்தாள்களைப் பிரித்துப் பார்த்தால், அவற்றில் பலவற்றில் நுண்கணிதம் ஒழுங்காகவே இருக்கிறது. வகையிடும் விதியைச் சரியாக எழுதிய அதே மாணவர், அடுத்த வரியில் இரண்டு எண்களின் கூட்டலுக்குரிய மடக்கையை இரண்டு மடக்கைகளின் கூட்டலாக உடைத்திருப்பார்; நேர்மாறு சைனைச் சைனின் தலைகீழியாக எழுதியிருப்பார்; எதிர்ம எண்ணை வர்க்கப்படுத்தி, மீண்டும் வர்க்கமூலம் எடுத்து, அந்த எதிர்ம எண்ணையே விடையாகத் தந்திருப்பார். சைனின் வகைக்கெழு கொசைன் என்று வகுப்பே ஒப்பிக்கிறது. அது ரேடியனில் மட்டுமே உண்மை என்பதும், கோணத்தைப் பாகையில் அளந்தால் பை (π) என்ற எண்ணை 180ஆல் வகுத்த எண் ஒன்று கூடவே பெருக்கலாக வந்து நிற்கும் என்பதும் எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டன? கோணம் பூச்சியத்தை நெருங்கும்போது சைனைக் கோணத்தால் வகுத்த ஈவு ஒன்றை நெருங்குவது கோணத்தை ரேடியனில் அளக்கும்போதுதான் என்று விளக்க ஐந்து நிமிடம் போதும். அதற்கும் நேரமில்லையாம்!

கல்லூரியில் சேர்ந்தவுடன் நடந்த மூன்று வார அறிமுக நிகழ்ச்சியில் யோகாவுக்கு நேரம் இருந்தது. வெற்றியின் இரகசியத்தை எங்களுக்கு ஓதிய தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கும் இருந்தது (அவர்களுள் ஒருவர்கூட மடக்கையைப் பற்றிப் பேசவில்லை என்பது வேறு விஷயம்). சார்புகளுக்கு மட்டும் அரை நாள்கூட ஒதுக்கப்படவில்லை. அடித்தளம் இல்லாதவர்களுக்கென்று பிரிட்ஜ் கோர்ஸ் ஒன்று நடத்தப்படுவதாகக் கல்லூரியின் கையேட்டில் பளபளப்பான தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த வகுப்பு எந்த அறையில் நடந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆய்வுக்குழு வரும் வாரத்தில், அதில் கலந்துகொண்டதாக வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அதே மாணவர்களிடம்தான் இப்போது அரியர் தேர்வுக் கட்டணத்தையும் கேட்கிறார்கள், தாமதமானால் அபராதத்துடன்.