அந்தக் கல் அலெக்ஸாண்டர் காலத்தது இல்ல

நீங்க பதிவுல படம் போட்டிருக்கிற சூதுபவளக் கல்லு (சிவப்பு மணிக்கல்), அலெக்ஸாண்டர் ரதத்துல வெற்றி ஊர்வலம் வர்ற மாதிரி செதுக்கினது, அதுல அலெக்ஸாண்டர் காலத்துக் கல் செதுக்குற கலைஞர் பிர்கொடிலஸோட பேர் கிரேக்க எழுத்துல இருக்கு, அதனால 2300 வருஷம் பழசுன்னு சொல்றீங்க. தப்புங்க. நீங்க போட்ட கேப்ஷன்லயே போனியடோவ்ஸ்கி கலெக்‌ஷன்னு இருக்கே, அதைக் கொஞ்சம் கவனிங்க. போலந்தோட கடைசி ராஜாவுக்கு அண்ணன் மகன்தான் இந்த போனியடோவ்ஸ்கி இளவரசர், 1800கள் ஆரம்பத்துல ரோம்ல இருந்த கல் செதுக்குற ஆளுங்களை வச்சு 2500க்கு மேல கல்லு செய்ய வச்சு, பழைய கிரேக்க கலைஞர்கள் பேரையும் அதுல வெட்ட வச்சு, பழசுன்னே காட்டிட்டு இருந்தாரு. 1833ல அவர் செத்தப்புறம் 1839ல அந்தக் கல்லுங்க லண்டன்ல ஏலம் போச்சு, அதுக்கப்புறம் குட்டு வெளிப்பட்டு விலையும் விழுந்துருச்சு.

அலெக்ஸாண்டர் தன் முகத்தைக் கல்லுல வெட்ட பிர்கொடிலஸுக்கு மட்டும்தான் அனுமதி குடுத்தார்னு பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வச்சிருக்காரு, அதனாலதான் அந்தப் பேரைப் பொறிச்சாங்க.

படத்தை ஜூம் பண்ணிப் பாருங்க, அந்தச் சின்னக் கல்லுல இத்தனை ஆளு, துணி மடிப்பு, குதிரைக் கால்னு நாடக மேடை மாதிரி நெருக்கி வச்சிருக்காங்க, இது பழைய கிரேக்க, ரோமானியப் பாணியைப் பின்பற்றின அந்த நியோகிளாசிக்கல் காலத்துக் கைவேலை. வேலைப்பாடு அபாரம், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல, செஞ்சவங்க பேரை மறைச்சதுதான் எனக்கு வருத்தம். தயவுசெஞ்சு தேதியை மட்டும் மாத்திடுங்க.