தொடக்கப் பள்ளிச் சுற்றுலாவைச் சட்டம் தடுக்கவில்லை

கல்வி உரிமைச் சட்டம் 200 நாள் பாடம் நடத்தச் சொல்கிறது, அதனால் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போக வழியில்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், பலரும் பகிர்கிறார்கள். 200 நாள் என்பது சரிதான். தடை என்பதுதான் சரியில்லை.

2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என்று இருக்கிறது. அதைக் கட்டடத்துக்குள்ளேயே கழிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. பிரிவு 29 செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகப் பிள்ளைகள் கற்க வேண்டும் என்கிறது; அதே அட்டவணை விளையாட்டு மைதானத்தையும் விளையாட்டுச் சாமான்களையும் கேட்கிறது. கீழடி அருங்காட்சியகத்தில் பானை ஓட்டில் கீறியிருக்கும் 'ஆதன்' என்ற பெயரை ஒரு பிள்ளை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பதும் இதில் அடங்காமல் வேறு எதில் அடங்கும்? மதுரையிலிருந்து அரை நாளில் போய் வந்துவிடலாம்.

பள்ளிகள் கூட்டிப்போகாததற்கு வேன் வாடகை, பாதுகாப்புப் பயம், ஆசிரியர் பற்றாக்குறை இதெல்லாம் காரணமாக இருக்கலாம், அது தனி விவாதம்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். இந்தியா கோட் என்ற அரசு இணையதளத்தில் 2009, சட்ட எண் 35 என்று தேடுங்கள், இலவசம்தான். பிரிவு 29(2)இல் ஐந்தாவது உட்பிரிவு, அப்புறம் கடைசியில் உள்ள அட்டவணையில் 2, 3, 7ஆம் வரிசைகள், இவ்வளவு படித்தால் போதும். தடை என்று எங்காவது கண்ணில் பட்டால் பிரிவு எண்ணை இங்கே போடுங்கள்.