524 மீட்டர் வீடியோவும் எங்க பெரியம்மா வீட்டுச் சுவரும்

நேத்து நம்ம பெங்களூரு அல்சூர் வாட்ஸ்அப் க்ரூப்புல நடந்தது உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு ஸ்க்ரீன்ஷாட் வந்திருக்கும். வீடியோ போட்ட தம்பி மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்ல. (இருக்கு. அது அப்புறம்.)

"524 மீட்டர் சுனாமி! அடுத்து சென்னையா?" பின்னாடி டமடமன்னு மியூசிக் வேற.

524 உண்மைதான். 1958 ஜூலை, அலாஸ்காவுல லிட்டூயா விரிகுடா. நிலநடுக்கத்துல சுமார் 3 கோடி கன மீட்டர் பாறை பேந்து குறுகலான தண்ணிக்குள்ள விழுந்துச்சு. எதிர்ச்சரிவுல 524 மீட்டர் வரைக்கும் தண்ணி ஏறி மரத்தையெல்லாம் வழிச்சுட்டுப் போச்சு. ஏறின உயரம் அது. அவ்வளவு பெரிய அலை கடல்ல நிமிர்ந்து நடந்து வரல. அதே விரிகுடாவுல படகுல இருந்த ஒரு அப்பாவும் சின்னப் பையனும் பிழைச்சு வந்தாங்க. விரிகுடாவுக்குள்ள செத்தது 2 பேர்.

1998, பப்புவா நியூகினி. நிலநடுக்கத்துக்கு அப்புறம் கடலடி மண் சரிஞ்சுது. அலை சுமார் 15 மீட்டர். செத்தது 2,000 பேருக்கு மேல.

உயரத்தை வச்சு பயத்தை அளக்காதீங்க. நான் சொன்னது இவ்வளவுதான். அதுக்கு "சார் க்ளாஸ் ஆரம்பிச்சுட்டார்"னு நாலு சிரிப்பு பொம்மை.

நான் நாகப்பட்டினத்துக்காரன். 2004 டிசம்பர் 26 அன்னிக்கு இங்க உக்காந்து பெரியம்மாவுக்கு போன் அடிச்சுக்கிட்டே இருந்தேன். மூணாம் நாள் நேர்ல போனப்ப கூடத்துச் சுவர்ல சேத்துக்கோடு, ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி. அதுக்கு மேல நாள்காட்டி நனையாம தொங்குது. 26ந்தேதித் தாள். காலையிலயே கிழிச்சிருக்காங்க. கோடு என் தோள் உயரம். பெரியம்மா என்னைவிடக் குட்டை.

"அண்ணே, அது நிலநடுக்க சுனாமி, நீங்க பேசறது நிலச்சரிவு"ன்னு ஒரு அறிவாளி. தெரியும் ராசா. அன்னிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல நீளமா கடலடித் தரை அசைஞ்சுது. அதான் சமுத்திரத்தையே தாண்டி வந்துச்சு. சரிவுல எழும்பற அலை அப்படியில்ல. கிட்டக்க இருக்கறவனை நாசம் பண்ணும், தூரம் போகப் போக வேகமா அடங்கும். அலாஸ்காவோட அந்தக் குறுகலான விரிகுடாவைக் காட்டி மெரினாவைப் பயமுறுத்தறது அதனாலதான் அபத்தம்.

நிஜமான பயம் நேரம் இல்லாததுதான். 2018 டிசம்பர் 22 ராத்திரி இந்தோனேசியாவுல அனாக் கிரகட்டோவா எரிமலையோட ஒரு பக்கம் கடல்ல சரிஞ்சுது. 400 பேருக்கு மேல போனாங்க. எச்சரிக்கை வரல. நம்ம ஹைதராபாத் சுனாமி எச்சரிக்கை மையம் உட்பட எல்லாரும் முதல்ல பிடிக்கிறது நிலநடுக்கத்தை. அங்க பெரிய நடுக்கமே இல்லையே!

அடுத்து, "பெங்களூரு 900 மீட்டர் உயரத்துல இருக்கு, நமக்கென்ன?" சிக்கிம்ல தெற்கு லோனாக் ஏரி 5,200 மீட்டர் உயரத்துல இருக்கு சாமி. 2023 அக்டோபர்ல பக்கத்து மண்மேடு அதுக்குள்ள சரிஞ்சு, அலை கிளம்பி, ஏரிக்கரை உடைஞ்சு, கீழ சுங்தாங் அணையவே அடிச்சுட்டுப் போச்சு. பனிப்பாறை உருகிப் பின்வாங்கினா மலைக்கு முட்டுக்கொடுக்க ஆளில்ல. இத்தாலியில 1963ல வையோண்ட் நீர்த்தேக்கத்துக்குள்ள மலையே இறங்கி, தண்ணி அணையைத் தாண்டிக் குதிச்சு சுமார் 2,000 பேர் செத்தாங்க. அணை இன்னிக்கும் நிக்குது.

அல்சூர் ஏரியில மலை விழாது. சரி, ஒத்துக்கறேன்.

விழிப்புணர்வுக்காகத்தான் போட்டாராம். கரையில நிக்கும்போது நிலம் ஆடினாலோ, கடல் திடீர்னு உள்வாங்கினாலோ மேட்டுக்கு ஓடுன்னு ஒரு வரி அந்த வீடியோவுல இருந்துச்சா? தலைகீழா நின்னு தேடினேன்.

தண்ணி லாரி வரலேன்னா ராத்திரி 11 மணிக்கு இந்த அண்ணன் வேணும். கார்ப்பரேஷன் ஆபீஸ்ல போய் கன்னடத்துல பேச இந்த அண்ணன் வேணும். செத்த வீட்டுக்காரன் ஒரு வார்த்தை சொன்னா மட்டும் சிரிப்பு பொம்மை.

ராத்திரி அதே தம்பி தனியா மெசேஜ் போட்டிருக்கான்: "அண்ணே, டிசம்பர்ல குடும்பத்தோட வேளாங்கண்ணி போறோம். போலாம்ல? பயம் ஒண்ணுமில்லையே?"

ப்ளூ டிக் விழுந்திருக்கும். பதில் இன்னும் போடல.